எனக்கும் வாய் இருக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

முதல் வகுப்பு பிரேக்கம்மாவுக்கு. தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். தெருவோரத்தில் நாய் கொட்டாவி விட்டாலே பிரேக்கை மிதித்துவிடுவாள், அதனால் நான் வைத்த பெயர். அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

புதுச் சீருடை இன்னும் பழகவில்லை. கழுத்து வரைக்கும் பொத்தான், அட்டை மாதிரி விறைத்த காலர். "டிரைவிங் ஸ்கூல்னா ஒரு கம்பீரம் வேணும் மேடம்" என்கிறார் முதலாளி. கம்பீரம் அவருக்கு, கழுத்து எனக்கு.

மைதானத்தில் ரிவர்ஸ் பழக்கிக்கொண்டிருந்தேன். நான் பக்கத்து சீட்டில் இருந்து பின்னால் திரும்பிப் பார்த்தபடி "மெதுவா, மெதுவா" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வரும்போது என் தலை பிரேக்கம்மாவின் தோளில் கிடக்கிறது, வண்டி நிற்கிறது, அவள் "மேடம், மேடம்" என்று கத்துகிறாள். மயக்கம்! எனக்கு!

காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் வேறு. அதோடு முதலாளி காரில் மாட்டி வைத்திருக்கும் அந்த வாசனை டப்பா, குடலைப் பிடுங்குகிறது. கழற்றி எறிந்துவிட்டேன். அவள் பிரேக் மிதித்ததால் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது இன்றைக்குத்தான். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

ஒன்றுமில்லை. எல்லா வகுப்பும் எடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

இனி மறைக்க முடியாது. ஆபீஸ் வாசலில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் விழுந்தேன். பின்னாலிருந்து பிரேக்கம்மா கூப்பிட்டாள், சட்டென்று திரும்பினேன், அவ்வளவுதான். மோவாய் கிழிந்து தையல் போட்டாயிற்று. சீருடை முழுக்க ரத்தம்.

முதலாளி என் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். அவன் வங்கியில் வேலை பார்க்கிறான், ஆனால் நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் வக்கீல். யாரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவன்தான் சொல்வான். வந்ததும் வராததுமாக, தையல் போட்ட நர்ஸிடம் என் வயது, என் எடை, என் பிரஷர் மாத்திரையின் பெயர் எல்லாம் ஒப்பித்தான். எடையைக் கூட்டித்தான் சொன்னான்.

மார்ச் 11, புதன்

மனசு ஆறவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

நரம்பு டாக்டரிடம் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர். வெளியே அரை நாள் உட்கார வைத்தார்கள். உள்ளே போனால் மின்னல். வந்தது தெரியும், போனது தெரியாது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "என்ன பிரச்சனை?" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"ஃபிட்ஸ் மாதிரி டாக்டர். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்திருக்கு" என்றான் வக்கீல்.

"நீ பாத்தியாடா?" என்றேன்.

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு. டாக்டர் கேக்கறாரு இல்ல?"

டாக்டர் கேட்டது என்னை இல்லையா? இல்லையாம். அடுத்த கேள்வி நேராக அவனுக்குத்தான் போயிற்று. "நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்களா?" இவன் சொல்கிறான்: "நிறைய ரத்தம் வந்துச்சு டாக்டர்." அட, அது மோவாய் ரத்தம்! நாக்கு என் வாய்க்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, நீட்டச் சொன்னால் நீட்டிக் காட்டியிருப்பேன். நான் மூச்சு வாங்குவதற்குள் மின்னல் அதை டைப் அடித்து முடித்துவிட்டார். "அம்மாவுக்குத் தூக்கம் எப்படி?" அதற்கும் இவனே பதில். என் தூக்கத்தை இவன் எப்போது பார்த்தான்? இவன் குறட்டை எனக்குக் கேட்கும், அது வேறு விஷயம்.

நான் ஆயுள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிழைத்தவள். ஆனால் எங்கள் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. இன்று அந்த அறையில் என் காலுக்குக் கீழே எதுவுமே இல்லை.

தையல் போட்ட அன்று எடுத்த மூளை ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையாம். "தெரியாட்டாலும் இருக்கலாம்" என்றார். வலிப்பு என்று முடிவு. ஆறு மாதத்துக்கு மாத்திரை. வண்டி ஓட்டக் கூடாது, சொல்லிக் கொடுக்கவும் கூடாது. இதையும் அவனைப் பார்த்துத்தான் சொன்னார். "பாத்துக்குங்க, அம்மாவை ஸ்டியரிங் பக்கம் விடாதீங்க."

நான் என்ன, கன்றுக்குட்டியா?

மார்ச் 12, வியாழன்

முதலாளி தங்கமான மனுஷர், அதுதான் கொடுமை. "வேலையை விட்டெல்லாம் போகாதீங்க மேடம். உள்ள உக்காந்து போன் எடுங்க, புதுசா சேர வர்றவங்களைப் பாத்துக்குங்க" என்றார். இந்த ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் என்னிடம் கற்றவர்கள். எதிரே வரும் கார் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டால் நம்ம பிள்ளைதான் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே உட்கார்ந்து "ஹலோ" சொல்ல வேண்டுமாம்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க ஒன்றுமில்லை, மாட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மாத்திரை. மத்தியானம் வரைக்கும் தலை நிமிரவில்லை. எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. மருமகளும் இரண்டாகத் தெரிகிறாள். நல்லவள்தான், ஆனாலும் ஒருத்தி போதும்.

மார்ச் 26, வியாழன்

தங்கை போன் செய்தாள். என் போனுக்கு. வக்கீல் எடுத்து "அம்மா நல்லா இருக்காங்க சித்தி, தூங்கறாங்க" என்று வைத்துவிட்டான். நான் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டோடு கிடக்கிறேன். மயக்கமே வரவில்லை. மகனுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, மாத்திரை வேலை செய்யுது. டாக்டர்னா டாக்டர்."

இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? முதலாளி திரும்ப மாட்டிவிட்ட அந்த வாசனை டப்பா வீட்டில் இல்லை, அதனாலும் வராமல் இருக்கலாம். இதைச் சொன்னால் சிரிக்கிறான். சிரித்துவிட்டு, மருமகளிடமும் சொல்லிச் சிரிக்கிறான். சொல்வது தப்பாகவே இருக்கட்டும், ஒருத்தராவது சிரிக்காமல் கேட்கக் கூடாதா?

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று முதலாளியைப் பார்க்கப் போனேன். நான் திடமாக இருக்கிறேன் என்று காட்ட வேண்டும் என்பதற்காகவே துவைத்து இஸ்திரி போட்ட சீருடை, கழுத்து வரைக்கும் பொத்தான், நிமிர்ந்த நடை. மாத்திரை சாப்பிட்டு மயக்கம் நின்றுவிட்டது, திரும்ப வகுப்பு கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். வாயிலேயே வாக்கியத்தை அமைத்து வைத்திருந்தேன்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தைக் கடக்கும்போது பின்னால் ஹாரன். திரும்பினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற காரின் மேல் சாய்ந்துவிட்டேன், இல்லாவிட்டால் மறுபடியும் மோவாய் போயிருக்கும். நிமிஷத்தில் தெளிந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை.

முதலாளியைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

யாருமே பார்க்கவில்லை. அதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் என்ன? ஆறு மாதம் மாத்திரை, அதன் பிறகு மயக்கமில்லை என்று ஒரு சான்றிதழ், பழையபடி வண்டி. சொன்னேன் என்றால்? மாத்திரையைக் கூட்டுவார். இன்னும் இரண்டு மருமகள் தெரிவார்கள். வண்டி ஜென்மத்துக்கும் கிடையாது.

சொல்லமாட்டேன். எதற்குச் சொல்ல வேண்டும்? கேட்கிற ஜென்மம் ஒன்று இருந்தால் அல்லவா சொல்வதற்கு?

ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், அந்த வளைவில், பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது எனக்கு இருட்டினால்? பக்கத்து சீட்டில் பிரேக் இருந்து என்ன பிரயோஜனம், காலே செத்துப் போயிருக்கும்போது?

சீ. சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் மின்னலிடம் இல்லை. முழுசாகக் கேட்கிற ஒருத்தரிடம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வண்டி இல்லை என்றால் இல்லை. அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

வீட்டில் சண்டை. நேற்று முன்தினம் வந்த மயக்கத்தைச் சொன்னேன், வேறு டாக்டரிடம் போகிறேன் என்றும் சொன்னேன்.

"பெரிய டாக்டர் சொன்னதுக்கு மேல யாரு என்ன சொல்லப் போறா? நாளைக்கே அவர்கிட்ட போலாம், டோஸைக் கூட்டச் சொல்றேன்."

"நீ சொல்லுவடா. உனக்கா மயக்கம் வந்துச்சு?"

"சரி, வேற டாக்டர்னா வேற டாக்டர். லீவு போட்டு நான் கூட வரேன்."

"வராதே. நீ வந்தா நோயாளி நீ, துணைக்கு வந்தவ நான்."

முகம் சுருங்கிப் போயிற்று அவனுக்கு. பெற்ற வயிறு, கொஞ்சம் வலித்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. மருமகள் நடுவில் வந்து, "அத்தை தனியா போய்ட்டு வரட்டுமே, அவங்களுக்கென்ன வழி தெரியாதா?" என்றாள். இனி அவள் இரண்டாகத் தெரிந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அரசாங்க ஆஸ்பத்திரி. பொது மருத்துவம். வரிசை வாசலைத் தாண்டிச் சுவர் வரைக்கும். உள்ளே ஒரு லேடி டாக்டர், மூக்குக் கண்ணாடி தலையில் ஏறியிருந்தது, சாப்பாட்டு டப்பா மேஜையில் திறக்காமல் இருந்தது. எப்படியும் விரட்டிவிடுவாள் என்று நினைத்தபடிதான் உட்கார்ந்தேன்.

"கூட யாரும் வரலையா?"

"வேண்டாம்னுட்டு வந்தேன்."

"நல்லது. சொல்லுங்க."

சொன்னேன். முதலில் மயக்கத்தைச் சொல்லவில்லை. மின்னலைச் சொன்னேன், மகனைச் சொன்னேன், முதலாளி மாட்டிவிட்ட சீருடையைச் சொன்னேன், போன் மேஜையைச் சொன்னேன், எனக்கே அலுத்துப் போகும் அளவுக்குப் புலம்பினேன். இப்போது தடுப்பாள், இப்போது தடுப்பாள் என்று பார்த்தேன். தடுக்கவில்லை. நான் நிறுத்தினால் "அப்புறம்?" என்பாள். வேறு பேச்சே இல்லை. மனசுக்குள் அவளுக்கு அப்புறம் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். வாசனை டப்பாவைச் சொன்னபோதும் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

நடுவில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "மேடம், வெளிய சத்தம் போடறாங்க" என்றாள். "நாலு பேருக்கு பிரஷர் பாத்து வைம்மா, வரேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி மறுபடியும் "அப்புறம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுகிற ஜாதி இல்லை. என் வீட்டுக்காரர் போனபோதுகூட அழாமல்தான் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மயக்கத்துக்கு வந்தேன். மறைக்க நினைத்த மூன்றாவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்களோ, அதை அப்படியே செஞ்சு காட்டுங்க."

நாற்காலியில் காரில் உட்காருவது போல உட்கார்ந்தேன். ஒரு கையைப் பின் சீட்டின் மேல் போடுவது போல வைத்துக்கொண்டு, கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி நின்றாள்.

"ஆபீஸ் வாசல்ல?"

பின்னால் கூப்பிட்டார்கள், திரும்பினேன்.

"போன வாரம்?"

ஹாரன் கேட்டது, திரும்பினேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மூன்று தடவையும் திரும்பியிருக்கிறேன். இத்தனை நாள் இது எனக்கே தோன்றவில்லையே! நான் டப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல திரும்பவே மாட்டீங்களா?" என்றாள்.

திரும்பாமல் என்ன? மருமகள் கூப்பிடுகிறாள், பேப்பர்காரன் கூப்பிடுகிறான். அங்கே ஒன்றும் ஆவதில்லை.

"வீட்டுல இருக்கறப்போ என்ன போட்டிருப்பீங்க?"

நைட்டி. இதைக் கேட்கிறாளே என்று கூச்சமாக இருந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டாள். அந்தச் சீருடையோடு புதன்கிழமை வாருங்கள், மேல் பொத்தானைப் போடாமல் திறந்துவிட்டு வாருங்கள், நீங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். என் மகனை இல்லை, பார்த்தவரை.

வெளியே வந்தால் வரிசையில் நின்ற ஒருவர், "உள்ள குடும்பக் கதை பேசிட்டிருந்தீங்களா?" என்றார். மற்றவர்களும் முறைத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, காலையிலிருந்து நிற்கிறார்கள். "ஆமாங்க, பேசினேன். உங்க முறை வந்தா நீங்களும் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15, புதன்

பிரேக்கம்மா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். பாவம், பயந்து போய்க் கோர்ட்டுக்கு வந்தது போல் நின்றாள்.

"கை கால் இழுத்துச்சா?" என்று அப்புறம் டாக்டர் அவளைக் கேட்டாள்.

"இல்லைங்க. முகம் வெள்ளையா போச்சு. கை மட்டும் ரெண்டு தரம் துடிச்சுது. அவ்வளவுதான்."

"கண்ணைத் திறந்ததும் என்ன பண்ணாங்க?"

பிரேக்கம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லும்மா, பரவாயில்ல" என்றேன்.

"திட்டினாங்க. 'கிளட்ச்சை யாரைக் கேட்டு விட்டே'ன்னாங்க."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"கழிச்செல்லாம் இல்லைங்க. கண்ணைத் திறந்ததும் திட்டுதான். தெளிவா திட்டினாங்க."

அப்புறம் டாக்டர் சிரித்துவிட்டாள். வலிப்பு வந்து எழுந்தவர்கள் கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழிப்பார்களாம், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதாம். "இவ்வளவு தெளிவா திட்ட முடியாதும்மா" என்றாள். என் வாய் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு இடம் உண்டாம், சிலருக்கு அங்கே அழுத்தினால் இதயம் மெதுவாகிவிடுமாம், நின்றுகூடப் போகுமாம். இறுக்கமான காலரோடு கழுத்தை வேகமாகத் திருப்பினால் அது போதுமாம். "சந்தேகம்தான். பரிசோதனை பண்ணித்தான் சொல்லணும்" என்றாள். நாளை மறுநாள் இதய வார்டில் செய்யப் போகிறார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

மகனை உள்ளே வர அனுமதித்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான்.

நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். இதய டாக்டர் கழுத்தின் ஒரு பக்கம் அழுத்தினார், ஒன்றுமில்லை. மறுபக்கம் அழுத்தினார். அதே இருட்டு, கிணற்றில் விழுவது போல.

கண்ணைத் திறந்தால் முதலில் தெரிந்தது என் மகன் முகம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. என் இதயம் திரையில் ஒரே நேர்கோடாகப் போனதை நின்று பார்த்திருக்கிறான். நிபந்தனை போட்டிருக்கவே வேண்டாம், அவனால் பேச முடியவில்லை.

"உங்க மூளையில ஒண்ணும் இல்லைம்மா" என்றாள் அப்புறம் டாக்டர்.

"வீட்டுல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றேன்.

வலிப்பு இல்லை. இல்லவே இல்லை! இதயத்துக்குத் துணையாக ஒரு பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். அதன் பிறகு வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "எல்லாம் சரியா இருந்து, லைசென்ஸுக்கு உடம்பைப் பாக்கற ஃபிட்னஸ் போர்டும் சரின்னு சொன்னா, ஏன் ஓட்டக் கூடாது?" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 18, சனி

சாயங்காலம் மகன் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். பேச மாட்டேன் என்கிறான். அவனைப் பேச வைக்க வேண்டிய காலமும் வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

"அப்பாவை அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான்" என்றான் கடைசியில். "டாக்டர் கேட்டாரு, நெஞ்சு வலிக்குதான்னு. அப்பா இல்லைன்னாரு. வழியெல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரும்மா, நான் பாத்தேன். பெரியவங்க பேசும்போது நடுவுல எப்படிப் பேசறதுன்னு சும்மா இருந்துட்டேன். ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க."

அன்று இரவே அவர் போய்விட்டார். அவன் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. இத்தனை வருஷம் இதை இவன் என்னிடம் சொன்னதே இல்லை.

"அதுக்கப்புறம் யாரையும் நம்பி விட முடியலைம்மா. நீயும் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுவியோன்னு..."

முதல் மயக்கத்தை நான் மறைத்தேனா இல்லையா? மறைத்தேன். அவன் பயம் வெறும் பயம் இல்லை. ஆனாலும் விடக் கூடாது, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் தீர வேண்டும்.

"டேய், உங்கப்பா வாயைத் திறந்ததே இல்ல. நான் மூடினதே இல்ல. எங்க ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்காதே."

சிரித்துக்கொண்டே அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளையில் தடவியது, இப்போது வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது.

ஏப்ரல் 27, திங்கள்

பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. தோளுக்குக் கீழே சின்ன மேடு. கையைத் தூக்கக் கூடாதாம். வாய்க்குத் தடை ஒன்றும் சொல்லவில்லை.

மே 14, வியாழன்

வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. உலகம் ஒன்றாகத் தெரிகிறது.

மே 20, புதன்

ஃபிட்னஸ் போர்டில் மாட்டேன் என்றார்கள். மின்னல் அடித்து வைத்த 'வலிப்பு' அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. எழுதியவரே மாற்ற வேண்டுமாம். ஆகவே மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரி, மறுபடியும் அரை நாள். இந்தத் தடவை தனியாக.

"என்ன பிரச்சனை?" கண் திரையில்தான்.

பதில் சொல்லவில்லை. அவர் நிமிர்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் நிமிர்ந்தார்.

"நான் நாக்கைக் கடிக்கலை சார். ரத்தம் வந்தது இங்க" என்று மோவாயைக் காட்டினேன். தழும்பைப் பார்த்தார். இதய வார்டு கொடுத்த காகிதங்களைப் படித்தார், இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தார்.

"இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்கலாமாம்!

"நீங்க என்னைக் கேட்டிருக்கலாமே சார்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. மாற்றி அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "கையை ரொம்பத் தூக்காதீங்க, பேஸ்மேக்கர் ஒயர் பதியணும்" என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். சரி, இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

ஃபிட்னஸ் போர்டு. தலை நரைத்த டாக்டர் ஒருவர். மகன்தான் காரில் கூட்டிப் போனான், உள்ளேயும் வந்து உட்கார்ந்தான். இரவெல்லாம் தூங்காத முகம், எனக்கும் சேர்த்து அவனே பயந்துகொண்டிருந்தான்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, வழக்கம் போல, அவனைப் பார்த்துக் கேட்டார். "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

வக்கீலுக்கு வாய் திறந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டான்.

"அவங்களையே கேளுங்க சார்" என்று எழுந்தான். "நான் வெளிய இருக்கேன்மா."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நானே சொல்ல ஆரம்பித்தேன்.

ஜூன் 22, திங்கள்

போர்டு சரி சொன்ன பிறகு முதல் வகுப்பு. பழைய பருத்திச் சட்டையில்தான் போனேன். அந்தக் காலரைப் போடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இப்போது யாருமே போடுவதில்லை.

புதுசாகச் சேர்ந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் பின் சீட்டில் ஏறிக்கொண்டான். வேறு பள்ளியில் ஏற்கெனவே கற்றுப் பார்த்து வரவில்லையாம், வீட்டு வண்டியில் அவனே சொல்லிக் கொடுத்தும் வரவில்லையாம்.

"உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று அவளைக் கேட்டேன்.

"கிளட்ச்தான் மேடம் இவளுக்கு. மண்டையில ஏறவே மாட்டேங்குது. பயம் வேற" என்றான் பின்னாலிருந்து.

கழுத்தை முழுசாகத் திருப்பி அவனைப் பார்த்தேன். "சார், அந்த டீக்கடைப் பக்கம் கொஞ்சம் நில்லுங்க. வகுப்பு முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"இல்ல மேடம், நான் இருந்தாத்தான் அவளுக்கு..."

"இறங்குங்க சார்."

இறங்கினான். எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன். யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலச் சொன்னாள்:

"கால் எட்டலை மேடம். சீட்டு எப்பவும் அவர் காலுக்கு வெச்சதுதான். முன்னாடி தள்ளினா கோவிச்சுக்குவார்."

சீட்டை முன்னால் இழுத்தோம். வண்டி கிளம்பியது.